மாமா விற்ற காரும் சித்தேரி இறக்கமும்

என் அப்பா யாரையும் நம்பமாட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர் தொழில் அப்படி. சித்தேரி மலைக்குப் போய்ப் புளியும் சாமையும் வாங்கிவந்து பாப்பிரெட்டிப்பட்டியில் விற்பவர். புளி மூட்டையின் வாயைப் பிரித்தால் மேலாக நல்ல புளிதான் இருக்கும். கொட்டையும் கல்லும் அடியில் கிடக்கும். அதனால் அப்பா எந்த மூட்டையிலும் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்த பிறகே பேச்சை ஆரம்பிப்பார். சங்கடம் என்னவென்றால் மனிதர்களிடமும் அதையே செய்வார். பால்காரர் சிரித்தால், "பாலுல தண்ணி கூடிப்போச்சி, அதான் சிரிக்கறான்" என்பார். சிரிக்காமல் போனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்பார். அந்த மனிதர் என்னதான் செய்வார், பாவம்.

அப்படிப்பட்டவர் ஒரு பழைய காரை வாங்கினார் என்பதே அதிசயம். அதுவும் அம்மாவின் தம்பியிடமிருந்து வாங்கினார். மாமா மொரப்பூர் ரயில் நிலையத்தில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சொந்தத்தில் யாருக்குப் பழைய வண்டி வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து "எடுக்கலாங்க" என்று சொல்லிவிட்டால் மறுபேச்சில்லாமல் எடுப்பார்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வெள்ளைக் காரை, அக்கா பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டாமே என்று அப்பாவுக்குக் கொடுத்தார். அம்மாவுக்குப் பெற்றவர்கள் இரண்டு பேரும் இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இந்த ஒரு தம்பிதான்.

வண்டி கைமாறிய அன்று அப்பா காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், டயரை எட்டி உதைத்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்துவந்து, "இவ்ளோ நல்ல வண்டிய எதுக்கு மாப்ள விக்கற?" என்று கேட்டார். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்பா மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் அப்பா என்னையும் மலைக்குக் கூட்டிப்போவார். முன் இருக்கையில் நான், பின் இருக்கையில் திரும்பி வரும்போது மூட்டைகள். ஏறும்போது கார் போடுகிற சத்தத்தில் ஒரு வார்த்தை பேச முடியாது. இறக்கம்தான் எனக்குப் பிடிக்கும். அப்பா பழைய பாட்டு எதையாவது எடுத்துப் பாடுவார். அவர் குரல் அவ்வளவு நன்றாக இருக்காது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும்.

வாங்கிக் கொஞ்ச நாளிலேயே அந்தக் கோளாறு வந்தது. ஒரு சனிக்கிழமை மூட்டைகளோடு இறங்கி வரும்போது அப்பா பாட்டை நடுவில் நிறுத்தினார். பிரேக்கை மிதிக்கிறார், கார் கேட்கவில்லை. "கல்லு மேல காலை வெச்ச மாதிரி நிக்குது, வண்டி பாட்டுக்குப் போவுது" என்று பிறகு அம்மாவிடம் சொன்னார். எப்படியோ கை பிரேக்கைப் பிடித்து இழுத்து இறங்கிவிட்டோம். ஆச்சரியம் என்னவென்றால், அடிவாரம் வந்து சேர்ந்ததும் பிரேக் ஒழுங்காகப் பிடித்தது. அடுத்த வாரம் முழுக்க ஒன்றுமில்லை. அதற்கடுத்த வாரம் மறுபடியும் அதே கூத்து. என்றைக்கு வரும், என்றைக்கு வராது என்று சொல்ல முடியாத கோளாறு. அப்பாவுக்கு வேறு என்ன வேண்டும்? ஒருவன் நாள் பார்த்து ஏமாற்றுகிற மாதிரி இருந்தது அவருக்கு.

எங்கள் ஊர் மெக்கானிக் காரை ஏற்றிவைத்துப் பார்த்தார். பிரேக் ஆயிலைப் பார்த்தார், குழாயில் காற்றிருந்தால் போகட்டும் என்று எடுத்துவிட்டார், மூட்டைகளையும் ஏற்றச் சொல்லி அடிவாரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கே மிதித்தாலும் கார் அங்கேயே நின்றது. "ஒரு குறையும் இல்லைங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இவன்தான உந்தம்பிக்கு வண்டி வேலை பாத்தவன்? ரெண்டு பேரும் கூட்டு" என்று அம்மாவிடம் சொன்னார்.

அடுத்து அரூருக்குப் போனோம். அங்கே மாமாவைத் தெரியாத ஒரு மெக்கானிக்கை அப்பா தேடிக் கண்டுபிடித்தார். கார் யாரிடம் வாங்கியது என்று அவர் கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க" என்றார். டாக்டரிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, என்ன சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிற கதைதான். அந்த மனிதரும் தனக்குத் தோன்றிய சாமான்களையெல்லாம் புதிதாக மாற்றிக் கொடுத்தார். கழற்றிய பழைய சாமான்களை அப்பா விடாமல் கேட்டு வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார், பின்னால் சாட்சிக்கு ஆகுமாம். கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. மூட்டை நிறைய ஏற்றிய ஒரு சனிக்கிழமை, பழையபடி பெடல் கல்லாக நின்றது. "புது சாமான்னு சொல்லிட்டு எதையோ கழுவி மாட்டிட்டான்" என்று அந்த மனிதர் தலையிலும் ஒரு பழி விழுந்தது.

அப்பாவோடு திரிந்து எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது. அரூர்க்காரர் எனக்கு மிட்டாய் கொடுத்தபோது, எதற்குக் கொடுக்கிறார் என்று யோசித்தபடி வாங்கிக்கொண்டேன்.

பிறகு அந்த பஸ் வந்தது. கடைசி வளைவுகளில் ஒன்று. கீழிருந்து சித்தேரி பஸ் ஏறி வருகிறது, நாங்கள் மூட்டைகளோடு இறங்குகிறோம். அப்பா மிதித்தார். எழுந்து நின்று மிதிக்கிற மாதிரி மிதித்தார். கார் நிற்கவில்லை. "கண்ணு, புடிச்சிக்கோ" என்று கத்திக்கொண்டே மலைப் பக்கமாகத் திருப்பினார். மண் மேட்டில் மோதி நின்றோம். என் உதடு கிழிந்தது, ஒரு பக்கத்து விளக்கு உடைந்தது, பின்னாலிருந்த மூட்டை சரிந்து என் முதுகில் சாய்ந்தது. அப்பா என்னை வெளியே தூக்கி, கை கால் தலை என்று தடவித் தடவிப் பார்த்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள் காரைச் சாலைக்குத் தள்ளிவிட்டார்கள். டிரைவர் எங்கள் காரில் ஏறி, எஞ்சினை ஓடவிட்டு முன்னும் பின்னும் அசைத்து பிரேக்கை மிதித்தார். "நல்லாத்தான பிடிக்குது?" என்று அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அப்பாவைக் கொன்றுவிட்டது.

அன்று வீட்டில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் குட்டித் தம்பிக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "உந்தம்பி தெரிஞ்சேதான் நம்ம தலையில கட்டியிருக்கான். அவன் இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. உனக்கு ஒண்ணுவிட்ட தம்பிங்க எத்தன பேரு இருக்காங்க, எவன் மடியிலயாச்சும் வெச்சிக் குத்திக்கலாம்."

"கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப வேற ஆள் மடியில வெச்சா ஊரு என்னைய என்னன்னு பேசுங்க?" என்றாள் அம்மா.

"எம்பொண்ணு செத்திருந்தா ஊரு என்ன பேசியிருக்கும்?"

அம்மா கிழிந்த என் உதட்டைப் பார்த்தாள். அப்பாவை எதிர்க்கிற துணிச்சல் எங்கிருந்து வந்தாலும் அந்த உதட்டைப் பார்த்ததும் போய்விடும்.

அம்மா சொல்லி மறுநாளே மாமா பஸ் ஏறி வந்துவிட்டார். வந்ததும் என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வாசலில் நின்றபடியே, "சாவியக் குடுங்க மாமா" என்று அப்பாவிடம் கேட்டார். என் தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் நான்கு பேரும் மலைக்குப் போனோம். மாமா ஓட்டினார். இறக்கம் முழுக்க, வளைவுக்கு வளைவு, காலை வைத்த இடத்தில் கார் நின்றது. அடிவாரத்தில் இறங்கி, "இப்ப நீங்க ஓட்டுங்க" என்றார். அப்பா காரை மறுபடி மலைமேல் ஏற்றி, இறக்கினார். பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, பாட்டு இல்லாமல், பேச்சு இல்லாமல் ஓட்டினார். பிரேக் அழகாகப் பிடித்தது. கார் நன்றாக நின்றதற்கு ஒரு மனிதர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஆளப் பாத்து நடிக்குது வண்டி. ஓனர் பக்கத்துல இருக்கான்ல!"

"வண்டி நடிக்குமாங்க மாமா? ஓட்டற பழக்கம்னு ஒண்ணு இருக்குது" என்று மாமா மெதுவாகத்தான் சொன்னார்.

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியலங்கற? எம்புள்ளைய நானே கொல்லப் பாத்தேங்கற?"

வீட்டுக்குத் திரும்பியதும் மாமா சாப்பிடாமல் போனார். அம்மா சோறு போட்டு வைத்திருந்த தட்டு அப்படியே இருந்தது. சொந்தத்தில் ஒருவர் போட்ட சோற்றை விட்டுவிட்டுப் போனால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். சாயங்காலம் வரை அந்தத் தட்டை எடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை.

அப்பா மண்டிக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா என்னைச் சமையலறையில் உட்காரவைத்தாள். "மலையிலேர்ந்து எறங்கறப்ப அப்பா என்னென்ன பண்ணுவாரு, ஒண்ணு விடாம எனக்குச் செஞ்சி காட்டு கண்ணு" என்றாள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. எவர்சில்வர் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டேன். ஹாரன் அடித்தேன். கியரைத் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு வலது கையை நீட்டிச் சாவியைத் திருப்பி, வாயால் "டக்" என்றேன்.

"அது என்னது?"

"சாவிம்மா. எறக்கம் வந்தா திருப்பிடுவாரு. அப்புறம் சத்தமே இருக்காது, காத்து மட்டும் உஸ்ஸுன்னு வரும். அப்பா பாட்டுப் பாடுவாரு. கீழ வந்ததும் மறுபடியும் திருப்புவாரு, கார் ஒரு குதி குதிக்கும்."

"மாமா கூட வந்தப்பத் திருப்பினாரா?"

"இல்லம்மா. அன்னிக்குத்தான் பாடவே இல்லயே."

விஷயம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அம்மாவுக்கு எஞ்சினைப் பற்றித் தெரியாது, ஆனால் அப்பாவைப் பற்றித் தெரியும். சோறு வேகும் முன்பே அடுப்பை அணைத்து, மூடிவைத்த சூட்டிலேயே வேகட்டும் என்கிறவர். அம்மா எழுந்து நின்றாலே மின்விசிறியை நிறுத்துகிறவர். கார்தான் தானாக இறங்குகிறதே, அதற்கு எதற்குப் பெட்ரோல் என்று அவருக்குத் தோன்றாமல் இருந்தால்தான் அதிசயம். மைத்துனன் பார்த்தால் கஞ்சன் என்று நினைப்பானே என்று அன்றைக்கு மட்டும் கையை அடக்கிக்கொண்டார்.

பல வருடம் கழித்து, சேலத்தில் வேலைக்குப் போன பிறகு, நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் ஆரம்பத்திலேயே எச்சரித்தார். எஞ்சின் ஓடும்போது அதுவும் நம் காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்துகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டால் மிச்சமிருக்கிற பலம் ஓரிரு மிதிக்குத்தான் வரும், பிறகு பெடல் கல்லாகிவிடும். மூட்டை குறைவாக இருந்த நாட்களில் அப்பா அதிகம் மிதிக்க வேண்டியிருக்கவில்லை, தப்பித்தோம். மூட்டை நிறைந்த நாட்களில் வளைவுக்கு வளைவு மிதித்தார், மாட்டிக்கொண்டோம். கீழே வந்து எஞ்சினை ஓடவிட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. "பழைய வண்டிலதான அப்படி?" என்று கேட்டேன். "எந்த வண்டியா இருந்தாலும் அப்படித்தாம்மா" என்றார். நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். அதற்குமேல் அன்றைக்கு ஓட்ட முடியவில்லை.

ஆனால் எட்டு வயதில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு மாமாவிடம் போனில் பேசினாள். நான் திரும்பி வந்தபோது பேச்சின் கடைசிதான் காதில் விழுந்தது. "அவருகிட்ட உங்க தப்புன்னு சொன்னா, இல்லன்னு காட்டறதுக்கே நாளைக்கிப் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போவாருடா. நீதான் ஒத்துக்கணும். ஒத்துக்கோ சாமி." கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரியுது. உம்பேரு கெடும்னு தெரியுது. எனக்கு வேற யாரு இருக்கா?"

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா சொன்னதுதான் சரி. மாமா திருடன். அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். முன்பாதி எனக்குப் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஒத்துக்கொள் என்று திருடனிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வார்கள்?

எங்கள் பக்கம் மாமன் மச்சானுக்குள் மனத்தாங்கல் வந்தால் பெரியவர்களை நடுவில் வைத்துப் பேசி முடிப்பார்கள். பெரியப்பா வந்தார், சொந்தக்காரர்கள் சிலர் வந்தார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்தார்கள். அப்பா அரூர்ச் சாக்கைப் பிரித்துப் பழைய சாமான்களை வரிசையாக அடுக்கினார். மாமா அவற்றைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"குறை வண்டியிலதானுங்க. எறக்கத்துல எல்லா டிரைவரும் எஞ்சின நிறுத்துவோம், நானும் நிறுத்துவேன். இந்த வண்டியில மட்டும் அப்படிப் பண்ணா பிரேக் பிடிக்காது. தெரிஞ்சேதான் மறைச்சிட்டேன். மன்னிச்சிருங்க மாமா."

அப்பாவின் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. "அதான! நான் எப்பவாச்சும் நிறுத்துவேன்" என்று பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார். அந்த 'எப்பவாச்சும்' என்ற சொல்லைக் கேட்டு அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"இனிமே நிறுத்தாதீங்க மாமா. பொண்ணு மேல சத்தியம் பண்ணுங்க" என்றார் மாமா. தப்பு செய்தவன் சத்தியம் கேட்பது விசித்திரமாக இருந்தது. ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் அப்பா என் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தார், அதைக் கடைசி வரைக்கும் காப்பாற்றவும் செய்தார். பிறகு பெருந்தன்மையாக, "தப்புன்னு ஒத்துக்கிட்டான்ல, போதும். சின்னப் பையன்" என்று சொல்லி மாமாவை எழுப்பிச் சாப்பிடக் கூப்பிட்டார். வந்தவர்களில் ஒருவர் கை கழுவப் போகும்போது, "இனிமே இவன்கிட்ட வண்டி வாங்குனா பிரேக்கத் தனியா வாங்கணும்டோய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அதற்குப் பிறகு சொந்தத்தில் ஒருவரும் பழைய வண்டி பார்க்க அவரைக் கூப்பிடவில்லை.

குறித்த நாளில் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து நடந்தது. மாமா சீர்த்தட்டோடு மொரப்பூரிலிருந்து வந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கையிரண்டையும் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் தம்பி ஊரைக் கூட்டினான். மாமா குனிந்து அவன் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன சொல்லிப் பிள்ளையை ஏமாற்றுகிறார் என்று நான் பக்கத்திலேயே நின்று கண்காணித்தேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள். காது குத்தும்போது அம்மாக்கள் அழுவார்கள்தான். ஆனால் அவள் தம்பிப் பாப்பாவைப் பார்க்கவில்லை, மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவன் இப்படி ஆகிவிட்டானே என்று வெட்கத்தில் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு மனசு கேட்கவில்லை. போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதம்மா. இனிமே மாமாகிட்ட நாம எதையும் வாங்க வேணாம். நான் பாத்துக்கறேன்."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ உங்கப்பன் பொண்ணுதாண்டி" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றேன்.